சிரிக்காத முன் பெஞ்சு

"பாலத்துல காவல் நிக்கிற ஜப்பான்காரனுக்குக் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பே நிமிர மாட்டேங்குதுங்க. பழக்கதோசத்துல வீட்டுக்குப் போய் கோழிக்கும் குனிஞ்சிட்டேன். பீவி கேக்குறா, 'கோழிக்கே மரியாத குடுக்குறீங்க, எனக்கு?'ன்னு!"

கபீர் குனிந்தான். தலை முழங்காலைத் தொட்டது. அப்படியே குட்டிக்கரணம் அடித்துத் தரையில் உருண்டான். காப்பிக்கடையே அதிர்ந்தது. முன் பெஞ்சில் இருந்தவர் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு முறைத்தார்.

காஜா பெராங் பகுதியில் உமர் நானாவின் கடை அது. காப்பியில் பால் இல்லை, சீனி இல்லை, உண்மையைச் சொன்னால் காப்பியும் இல்லை. வறுத்த மரவள்ளிக்கிழங்குத் தூள்தான். அதையும் ஆட்கள் தேடி வந்து குடித்தார்கள் என்றால், தினமும் நாலு மணிக்குக் கபீர் போடும் வேடிக்கைப் பேச்சுத்தான் காரணம். அதற்குக் கூலி ஒரு டின் அரிசி.

கபீர் போன மாதம்தான் மூவாரிலிருந்து வந்தவன். துணிக்குப் பஞ்சமான அந்த ஜப்பான் காலத்தில், கட்டியிருந்த கைலியைத் தவிர அவனிடம் உருப்படியாக எதுவும் இல்லை. "நாலு பேரு முன்னால நிக்கிறவன் லட்சணமா இருக்க வேணாமா?" என்று உமர் நானாதான் எங்கேயோ இரவல் வாங்கி ஒரு கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டார்.

முன் பெஞ்சுக்காரர் பெயர் பிச்சை. நெற்றி நிறைய விபூதி. உமர் நானாவிடம் மலாயில்தான் பேசுவார். அதிகாரிகளோடு புழங்குகிறவர்களின் பந்தா என்று கபீர் முடிவுகட்டிவிட்டான். பேச்சு முடிந்து கபீர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் அவர் எழுந்து போவார்.

பக்கத்துக் கிளேபாங்கில் வாயை விட்ட ஒருவரை ஜப்பான் போலீஸ் கூட்டிக்கொண்டு போய் இன்னும் திருப்பி அனுப்பவில்லை. காட்டிக்கொடுப்பவன் யாரென்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்கவும் பயம். பக்கத்தில் இருப்பவனே அவனாக இருந்துவிட்டால்?

"கிழங்கப் பத்திப் பேசுனா சும்மா இருக்காரு. குனிஞ்சாத்தான் மூஞ்சி மாறுது," என்று வீட்டில் புலம்பினான் கபீர்.

பீவிக்கு ஏழு மாதம். "அப்ப குனியாதீங்க. அரிசி இல்லாட்டி கிழங்கத் தின்னுக்கலாம். நீங்க இல்லாட்டி நான் எங்க போவேன்?" என்று அழுதேவிட்டாள்.

மறுநாள் கபீர் கிழங்கோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தான். "காலையில கிழங்கு, மத்தியானம் கிழங்கு, ராத்திரியும் கிழங்கு. நேத்து கனவுல சோறு வந்துச்சுங்க. 'யாரு வேணும்?'னு கேட்டுட்டேன்!"

சிரித்தார்கள். பிச்சையின் முகத்தில்கூட ஒரு நிம்மதி தெரிந்தது.

ஆனால் கூட்டம் விடவில்லை. "குனியிற கத எங்கப்பா?" என்று பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தது. உமர் நானா அரிசி டின்னைத் தூக்கிக் காட்டிக் கண்ணால் ஜாடை செய்தார். கபீர் பீவியை நினைத்தான். அவள் வயிற்றில் இருப்பதையும் நினைத்தான். அரிசியை வாங்காமல் போக மனம் வரவில்லை. குனிந்தான்.

'டர்'ரென்று அக்குளில் ஒரு சத்தம். கடையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிச்சை துள்ளி எழுந்து, நேராக வந்து கபீரின் காலரைப் பிடித்தார். சிரிப்பு பட்டென்று நின்றது.

கபீர் இரண்டு கையையும் கூப்பினான். "ஐயா, தப்புத்தான்! ஜப்பான்காரங்க மேல எனக்கு ரொம்ப மரியாதைங்க. இனிமே குனியவே மாட்டேன்... இல்லல்ல, குனிவேன், பாலத்துல குனிவேன், இங்க குனிய மாட்டேன்! பொஞ்சாதி புள்ளத்தாச்சிங்க, காட்டிக் குடுத்துராதீங்க!"

பிச்சை கபீரின் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்குளையே உற்றுப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

உமர் நானா ஓடி வந்தார். "யாருகிட்டடா கெஞ்சுற? இவரு இங்கன பல தலமொறையா இருக்குற கம்போங் செட்டி ஆளு. பேருதான் தமிழ்ப் பேரு, வீட்டுல பேசுறதெல்லாம் மலாய். நீ இத்தன நாளாப் பேசுனதுல ஒரு வார்த்த அவருக்குப் புரியாது!"

"புரியாதவரு எதுக்கு நானா தெனமும் முன்னால உக்காந்து என்னையே பாக்குறாரு?"

"உன்னைய யாரு பாத்தா? அது அவரு கல்யாணக் கோட்டுடா!"