காதுக்காரி

"நாலஞ்சுக்கு மட்டும் மாத்திச் சொல்லுங்கக்கா, போதும். மெஷின் கவுந்துடும்."

வைக்கோலை உதறுவதுபோல் குனிந்துகொண்டு சிட்டு கிசுகிசுத்தாள். எதிர் மேசையிலிருந்த காதுக்காரி அக்கா அவளை உற்றுப் பார்த்தாள்.

"பொய் சொல்லச் சொல்றியா?"

"வயித்துப்பாடுக்கா. அது ஜெயிச்சா நாளைக்கு நீங்களும் வீட்டுக்கு, நானும் வீட்டுக்கு."

மின்கம்பங்களில் கம்பியைத் தாங்கும் பீங்கான்களைச் செய்யும் தொழிற்சாலை அது. சூளையிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் அக்கா சின்ன மரச்சுத்தியலால் தட்டுவாள். கணீரென்றால் நல்லது. மொண்ணையாக ஒலித்தால் உள்ளே விரிசல். நல்லதைச் சிட்டு வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். அக்கா 'விரிசல்' என்று ஒதுக்கிவிட்டால் அப்பீல் கிடையாது.

அந்தத் தீர்ப்பை ஒரு மெஷினுக்குக் கற்றுக்கொடுக்கத்தான் ஒரு வருஷமாக ஆராய்ச்சி நடந்தது. செலவில் பாதி முதலாளியுடையது. மீதி, தொழில் ஆராய்ச்சிக்கென்று அரசாங்கம் தரும் உதவி. ஆராய்ச்சிக்கூடத்து இளைஞர் தினமும் மைக்கும் ஒயருமாக வந்து, ஒவ்வொரு தட்டலையும், அதற்கு அக்கா சொன்னதையும் பதிந்துகொண்டு போவார். இன்று அதிகாரி வருகிறார். மெஷின் சொல்வதும் அக்கா சொல்வதும் ஒத்துப்போனால்தான் அடுத்த கட்டத்துக்கு உதவி.

"நம்ம வேலையைப் பிடுங்க அரசாங்கம் காசு போடுது. நீங்க அதுக்குப் பாடம் வேற எடுக்கறீங்க!"

"விரிசல் விட்டது ஒண்ணு தப்பிக் கம்பத்துக்குப் போச்சுன்னா? மழை நாள்ல எவனோ ஒருத்தன் ஏறுவான்டி. மெஷின் வரட்டும். நான் நிம்மதியாத் தூங்கணும்."

"உங்களுக்கென்ன, பையன் தலையெடுத்துட்டான். என் வீட்டுல ரெண்டும் பள்ளிக்கூடம் போறதுங்க. நான் தூங்கவேண்டாமா?"

அக்கா குனிந்து சுத்தியலைத் துடைத்தாள்.

சிட்டுவுக்குச் சுருக்கென்றது. விசுக்கென்று எழுந்து, முக்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"இதென்னடி கூத்து? இப்படித் திரும்பு."

"உங்க முகத்துலயே முழிக்கப் பிடிக்கல."

"திரும்பி உக்காருடின்னா!"

சிட்டு அசையவில்லை. அதற்குள் முதலாளி அதிகாரியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். பின்னாலேயே இளைஞர், இரவெல்லாம் விழித்த கண்களோடு.

"அம்மா, மெஷின் எல்லாத்தையும் தட்டிப் பார்த்துடுச்சு. என்ன சொல்லியிருக்குன்னு இவர்கிட்ட இருக்கு. நீங்க உங்க பாட்டுக்குத் தட்டிச் சொல்லுங்க" என்றார் அதிகாரி.

முதல் தட்டல். கணீர்.

"நல்லது" என்றாள் அக்கா, சற்றுப் பொறுத்து.

இரண்டாவது, மொண்ணை. எத்தனை வருஷமாகக் கேட்கிற சத்தம்! திரும்பிப் பார்க்காமலே சிட்டுவுக்குத் தெரிந்தது.

"நல்லது."

சிட்டுவின் கையிலிருந்த வைக்கோல் அப்படியே நின்றது. நம்ப முடியவில்லை. அடுத்தது கணீரென்று ஒலித்தது. அக்கா வெகுநேரம் யோசித்தாள்.

"சிட்டு..." என்று கூப்பிட்டாள். சிட்டு திரும்பவில்லை. இப்போது திரும்பினால் சிரித்துக் காட்டிக்கொடுத்துவிடுவோம் என்று பயமாக இருந்தது.

"விரிசல்" என்றாள் அக்கா, தணிந்த குரலில்.

அப்படியே போயிற்று. சிலது ஒத்துப்போனது, பலது முட்டிக்கொண்டது. கடைசியில் இளைஞர் வாய் திறந்தார்.

"சார், வித்தியாசம் வந்ததையெல்லாம் உடைச்சுப் பார்த்துடலாமே."

முதலாளிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க அக்கா சொன்னதை உடைச்சுப் பார்க்கறதா? அவங்க அனுப்பினது ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்ல, தம்பி. அந்தக் காதை நம்பித்தான் இந்தச் சூளையே எரியுது."

"அப்போ அந்தக் காதுதானே நமக்கு அளவுகோல்" என்றார் அதிகாரி, வருத்தமாகவே. "மெஷின் இன்னும் அந்த அளவுக்கு வரல. அடுத்த கட்டத்துக்கு நான் சிபாரிசு பண்றதுக்கில்ல."

அவர்கள் முதலாளியின் அறைக்குப் போனார்கள். இளைஞர் ஒயர்களைச் சுருட்டினார். ஒரு சுருள் கை நழுவி விழுந்தது. எடுக்கத் தோன்றாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அள்ளிக்கொண்டு வெளியேறினார். பார்க்கச் சிட்டுவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பிள்ளைகளின் முகம் நினைவுக்கு வந்ததும் அந்தக் கஷ்டம் கரைந்துவிட்டது.

எழுந்து போய் அக்காவைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

"முடியாது முடியாதுன்னுட்டு எனக்காக எவ்வளவு பெரிய காரியம் பண்ணிட்டீங்கக்கா!"

அக்கா பேசவில்லை. சிட்டு முன்பக்கம் வந்து குனிந்து பார்த்தாள். அக்காவின் கன்னம் நனைந்திருந்தது.

"ஏன்க்கா அழறீங்க? எனக்காகத்தானே மாத்திச் சொன்னீங்க? அதுல என்ன பாவம்?"

அவள் உதடு அசைந்து முடியும்வரை பார்த்துவிட்டு அக்கா தலையசைத்தாள்.

"நான் எதையும் மாத்திச் சொல்லலடி. எனக்குக் காது போய் ரெண்டு வருஷமாச்சு. தட்டிட்டு உன் முகத்தைப் பார்ப்பேன். விரிசல்னா உன் புருவம் சுருங்கும், அதை வச்சுதான் சொல்லிட்டிருந்தேன்." சுத்தியலை மேசைமேல் வைத்தாள். "இன்னிக்கு நீ திரும்பி உக்காந்துட்டே."