மழை வந்தால் பேசும் கம்பி

“பழைய கம்பியைப் பிடுங்கிட்டா அதுல வர்ற சேதியெல்லாம் எங்கே போகும்மா?” என்று மகள் ஒருநாள் கேட்டது நினைவில் இருக்க, தொலைபேசி நிலையத்தில் இன்ஜினியர் கம்பிகளின் முன் நிற்கிறாள். மதிய வெயில் செம்பில் மினுங்குகிறது. பழைய இணைப்புகளின் சேதியை அப்படியே பொதிந்து, புதிய நெட்வொர்க்குக்குள் சுரங்கம்போன்ற தனி வழியில் அனுப்பும் வேலை இன்றோடு முடிகிறது. மிச்சம் ஒன்றுதான்: மலை அணையின் வெள்ள எச்சரிக்கைக் கம்பி. “ஆறு மாசமா மூச்சே இல்ல, வெட்டி விடுங்கக்கா. பசி உயிர் போகுது,” என்கிறார் உடன் வேலை செய்பவர். “நீ போப்பா. என் பங்கையும் சேர்த்து முழுங்கிடாத.” அவர் போகிறார். மழை வந்தால்தான் அந்தக் கம்பி பேசும் என்பது அவளுக்குத் தெரியும். அணையடியில் தனியாகக் காவலிருப்பவர் முன்பு இதே அறையில் அவளோடு வேலை பார்த்தவர். அவள் சோதிக்காமல் ஆஸ்பத்திரிக் கம்பியைப் பிடுங்கிய அன்று, “நான்தான் சார்” என்று பழியை ஏற்று, தண்டனையாக மலைக்கு மாற்றப்பட்டுப் போனவர். அவள் அன்றும் வாய் திறக்கவில்லை, பிறகும் இல்லை. இப்போது அவருடைய கம்பிக்கும் வழி அமைக்கிறாள். சோதனைச் சேதியை அனுப்பி, அது மலை வரை போய்த் திரும்பும்வரை காத்திருக்கிறாள். இன்னொரு முறையும் அனுப்புகிறாள். பிறகு கண்மூடிக் கும்பிட்டு, பழைய கம்பியை மெல்லக் கழற்றுகிறாள். அணையோடு தொடர்பு இருப்பதைக் காட்டும் பச்சை விளக்கு அப்படியே எரிகிறது.