அல்பேர் குடிக்கிற மாதிரி

"மறுபடியும் சொல்றேன், கேட்டுக்குங்க. ஜெர்மன்காரன் கிளாஸை மோதுறப்ப எதிராளி கண்ணை நேரா பாப்பான். அப்புறம் மேசைமேல ஒரு தட்டு தட்டிட்டுத்தான் வாயில வைப்பான்."

சபின் சொன்னதற்கு அம்மாவாசை தலையாட்டினார். மூடிப்போன மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவர் பார்த்த ஒரே வெளிநாடு கடலூர். ஆனால் மூக்கும் தாடையும் சபினின் அப்பா அல்பேரை அச்சில் வார்த்த மாதிரி இருந்தன.

அல்பேர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். போன திருவிழாவுக்கு வேளாங்கண்ணி போன இடத்தில் மாரடைப்பில் போய்விட்டார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டு சபின் தனியாகத் திரும்பினாள். பிராங்க் போய் யூரோ வந்த வருஷம் அது. பென்ஷனும் யூரோவில் வந்தது. அப்பா போன சேதியை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

எவனோ தூதரகத்துக்கு மொட்டைக் கடிதம் போட்டுவிட்டான். தூதரகம் சொன்னபடி, அப்பாவோடு பட்டாளத்தில் இருந்த இன்னொரு தமிழரான லூதோவிக் நேரில் வந்து பார்த்து, ஆள் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் சபினுக்கு ஜெயில். அதனால்தான் அப்பாவாக நடிக்க அம்மாவாசை.

அம்மாவாசைக்குப் பிரெஞ்சு வராது. எனவே தொண்டையில் ஆபரேஷன், பேசக்கூடாது என்று ஏற்பாடு. அவர்தான் அல்பேர் என்பதற்கு மிச்சமிருந்த சாட்சி, பீர் குடிக்கிற விதம் ஒன்றுதான். அப்பாவும் லூதோவிக்கும் லீவு விட்டால் நாடு நாடாகப் போய்க் குடித்த ஜோடி. ஜப்பான்காரன் தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ள மாட்டான், கொலோன் நகரத்தில் போதுமென்றால் கிளாஸை அட்டையால் மூட வேண்டும் என்று, அப்பா சாப்பாட்டு மேசையில் ஆயிரம் தடவை சொன்னதையெல்லாம் சபின் ஒப்பித்தாள்.

"இவ்ளோ பாடம் படிக்கிறதுக்கு பீரையே விட்டுடலாம் மதாம்" என்றார் அம்மாவாசை.

மறுநாள் பதினோரு மணிக்கு அவள் பீர்த் தட்டோடு கூடத்துக்கு வந்தபோது, அப்பாவின் நாற்காலியில் ஆள் உட்கார்ந்தாகிவிட்டது; சொன்னபடி பின்கதவு வழியாக வந்திருப்பார். தொப்பி நெற்றிவரை இறங்கியிருந்தது. திரையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. மே மாதம், கரண்டும் இல்லை. ஆனாலும் கூடம் சில்லென்று இருந்தது.

லூதோவிக் வந்தார். பிரெஞ்சில் ஏதோ கேட்டார். சபின் ஆபரேஷன் கதையைச் சொன்னாள். அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. கிளாஸை நீட்டினார்.

கண்ணை நேராகப் பார்த்து ஒரு மோதல். மேசையில் ஒரு தட்டு. லூதோவிக்கின் கிளாஸ் காலியானதும் உடனே நிரம்பியது. எதிரே காலிக் கிளாஸ் அவர் ஊற்றும்வரை காத்திருந்தது. நேற்று ஒன்றுமே மண்டையில் ஏறாத ஆள் இப்படி நடிப்பார் என்று சபின் நினைக்கவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. கிளாஸ் சாய்ந்தது. ஒரு வாய் பீர் தரையில் ஊற்றப்பட்டது.

தரையில் ஒரு வாய் ஊற்றுவது சாராயக்கடை வழக்கம். கடைசியில் புத்தியைக் காட்டிவிட்டார். சபின் துணியோடு குனிந்தாள். லூதோவிக் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துடைக்காத, பாப்பா. ஜிபூத்தி முகாம்ல எங்ககூட இருந்த ஃபாபிரிஸ் செத்தான். அவன் பங்குன்னு ஒரு வாய் கீழ ஊத்துவோம். நாங்க ரெண்டு பேர் மட்டும் இருக்கறப்ப. யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. காகிதத்தை வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

வாசல்வரை போய் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சபின் கேட்டைப் பிடித்தபடி மூச்சு விட்டாள். சாராயக்கடைக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றலாம் என்றுகூடத் தோன்றியது.

ஒரு சைக்கிள் வந்து நின்றது. வியர்வையில் சட்டை ஒட்ட, அம்மாவாசை இறங்கினார்.

"கோச்சுக்காதீங்க மதாம். நோணாங்குப்பம் பாலத்துல லாரி கவுந்துடுச்சு, இப்பதான் வழி விட்டான். அந்த அய்யா வந்துட்டாரா?"

உள்ளே, யாரோ இரண்டாவது பாட்டிலைத் திறக்கும் சத்தம் கேட்டது.