அன்பளிப்புப் பிரதி

பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு புத்தகம் காணாமல் போவது செய்தியே அல்ல. அதை ஒருவர் கேட்டு வந்ததுதான் செய்தி.

வெளியூரிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்து, இருநூறு வருடத்துக்கு முந்தைய பறவைப் படப் புத்தகத்தைக் கேட்டார். கையால் வண்ணம் தீட்டிய படங்கள். உலகத்தில் மொத்தமே மூன்று பிரதிகள். சின்னப் புத்தகம், பையில் போட்டால் தெரியாது. பூட்டிய அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்தார்கள். பெட்டி பத்திரமாக இருந்தது. உள்ளேதான் ஒன்றுமில்லை.

தலைமை நூலகருக்கு வியர்த்துவிட்டது. மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘அலாரம்’. திருட்டு போனதைவிட, தன் நூலகத்தில் திருட்டு போனதுதான் அவருக்குப் பெரிய அடி. ஏனென்றால், ‘நூல் திருட்டைத் தடுப்பது எப்படி?’ என்று முந்நூறு பக்கத்துக்குப் புத்தகமே எழுதியவர் அவர். யார் வந்தாலும், யார் விடைபெற்றாலும் அதில் ஒரு பிரதி கையெழுத்தோடு உண்டு. வாங்கியவர்கள் முதல் பக்கத்துக் கையெழுத்தைப் பார்த்து, “அடடா!” என்பார்கள். அடுத்த பக்கத்தை யாரும் புரட்டியதாகத் தகவல் இல்லை. மிச்சப் பிரதிகள் வேறு இடமில்லாமல் பைண்டிங் அறையில் கூரை முட்ட அடுக்கியிருந்தன.

அலாரம் நேரே அந்த அறைக்குத்தான் போனார்.

பைண்டருக்கு அன்று கடைசி நாள். முப்பத்தோரு வருடம் பசையும் ஊசியுமாகக் கழித்தவர், மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“பறவைப் புத்தகத்தைக் கடைசியா தொட்டது யாரு?”

“நான்தான் சார். முதுகு பிரிஞ்சிருந்துச்சு, தெச்சுக் கொடுத்தேன். மூணு மாசமாச்சு. திருப்பிக் கொடுத்ததுக்கு ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு.”

“கையெழுத்து இருக்கு, புத்தகம் இல்லையே! கிடைக்கிற வரைக்கும் உங்க ஓய்வு உத்தரவு என் மேசையைத் தாண்டாது. சாயங்காலம் போலீஸ்தான்.”

பைண்டர் கையிலிருந்த துணியை நாலாக மடித்தார்.

சோதனை நடந்தது. அலாரம் இழுப்பறைகளைக் கவிழ்த்தார். பசை டின்னுக்குள் குச்சியை விட்டுக் கிண்டினார். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். நாற்காலியின் மெத்தையைக்கூடப் பிரித்தார். தன் புத்தக அடுக்கிடம் வந்ததும் மட்டும் கை மென்மையானது. தூசி தட்டி எண்ணினார். “ஐந்நூறுல நானூத்திப் பன்னெண்டு இன்னும் இருக்கா!” என்று ஒரு பெருமூச்சு விட்டு நகர்ந்துவிட்டார்.

வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அம்மாவையும் கூப்பிட்டு விசாரித்தார்.

“அண்ணன் பையைத் தினமும் உதறித்தான் சார் அனுப்புறேன். உங்க உத்தரவுதானே? இத்தனை வருஷத்துல ஒரு துண்டுக் காகிதம்கூட வெளியே போனதில்ல. அவரைப் போய்...” முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அலாரம் சத்தத்தில் பெரியவரே தவிர, கெட்டவரல்ல. நரைத்த தலையோடு ஒரு மனிதர் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டியபடி நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு என்னவோ போலாகிவிட்டது. உத்தரவை வரவழைத்து, அங்கேயே நின்றபடி கையெழுத்துப் போட்டார்.

“மனசுல வெச்சுக்காதீங்க பைண்டர். என் பதட்டம் உங்களுக்குத் தெரியாததா?”

“பரவாயில்ல சார்.”

“வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. என் புத்தகம் ஒண்ணு எடுங்க, கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

“வேணாம் சார், உங்களுக்கு எதுக்குச் சிரமம்...”

“அட, எடுங்கன்னா!”

பைண்டர் தயங்கித் தயங்கி அடுக்கின் ஓரத்திலிருந்து ஒன்றை உருவினார். அலாரம் முதல் பக்கத்தில், ‘நேர்மையின் மறுபெயரான நம் பைண்டருக்கு’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். எழுதியதும் அவருக்கே கண் கலங்கியது. பைண்டர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வாசலில் செக்யூரிட்டி அம்மா பையை வழக்கம்போல் உதறினார். புத்தகத்தின் அட்டையைப் பார்த்தார்.

“பெரியவர் புத்தகமா? போங்கண்ணே, போங்க. இதைத் திருட எவன் வரப்போறான்!” முதல் பக்கத்தில் ‘அன்பளிப்பு’ முத்திரையைக் குத்தி, சிரித்து, கொஞ்சம் அழுது வழியனுப்பினார்.

வீட்டில் மனைவி புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முப்பத்தோரு வருஷத்துக்கு இதுதானா? ஏங்க, அந்தக் கட்டடத்துல இருக்கிற புத்தகத்தையெல்லாம் நீங்க ஒருத்தர்தான் படிச்சிருப்பீங்க. உங்களுக்குப் போய் இதையா கொடுக்கணும்?”

“சார் ஆசையா கொடுத்தாரு. முன்னுரையைத் தாண்டினா நல்லாத்தான் இருக்கும்” என்றார் பைண்டர். ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

எட்டே பக்க முன்னுரையைப் புரட்டித் தள்ளியதும், இருநூறு வருடத்து நீலம் துளிகூட மங்காத மீன்கொத்தி ஒன்று அவரைத் தலை சாய்த்துப் பார்த்தது.