என் வாயே பாடப்புத்தகம்

பல் மருத்துவக் கல்லூரி, முதல் வருடத் தேர்வு. மெழுகுக் கட்டியில் கீழ்வரிசை வலது கடைவாய்ப்பல் ஒன்றைச் செதுக்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவன் நான். இந்தத் தடவையும் போனால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பல்லின் மேல்பரப்பில் எங்கே பள்ளம் வரும், எங்கே குழி வரும் என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. உலகத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை எனக்குத் தோன்றியிருந்தது.

வாயைத் திறந்தேன். கைக்கண்ணாடியில் என் வலது கடைவாய்ப்பல்லைப் பார்த்துப் பார்த்து, ஒரு பள்ளம், ஒரு குழி விடாமல் அப்படியே மெழுகில் இறக்கினேன். அவ்வப்போது எச்சில் மேஜையில் சொட்டியது. மேதைகளுக்கு இதெல்லாம் சகஜம்.

பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள். வகுப்பில் அவளுக்குத் 'தராசு' என்று பேர். கை அவ்வளவு நிதானம். நான் செதுக்கிய பல்லைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

'பாவம், வயிறு எரியுது' என்று நினைத்துக்கொண்டேன்.

மணி அடிக்கப் போகிற நேரம். எழுந்தவளின் முழங்கை என் மேஜையில் இடித்தது. பல் தரையில் விழுந்து மூன்று துண்டு.

"சார்! வேணும்னே தள்ளிட்டா சார்!" அலறினேன்.

தேர்வாளர் ஓடி வந்தார். "என்னம்மா இது?"

"தெரியாம பட்டுடுச்சு சார்."

"கண்ணு எங்கே இருந்துச்சு? உனக்குப் பத்து மார்க் குறைக்கிறேன்."

"சரிங்க சார்."

அவளுடைய முதலிடம் போச்சு. பொறாமைக்காரிக்கு நல்லா வேணும்!

"நீ அழாதப்பா. புதுக் கட்டி வாங்கிக்கோ. ஒரு மணி நேரம் கூடத் தர்றேன்."

நான் அழவில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். மூக்கு ஒத்துழைக்கவில்லை.

அவர் அந்தப் பக்கம் போனதும் மறுபடியும் வாயைப் பிளந்து, கண்ணாடியை எடுத்தேன்.

கருவிகளைப் பையில் போட்டுக்கொண்டிருந்த தராசு, உதடு அசையாமல் முணுமுணுத்தாள்.

"எருமை, அதைக் கீழே வை! கண்ணாடியில வலது இடதாத் தெரியும்டா. இவ்வளவு நேரம் நீ செதுக்குனது இடது பல்லு. முட்டைதான் கிடைச்சிருக்கும். இன்னொரு தடவை இடிக்கிறதுக்கு என்கிட்ட மார்க் இல்லை."