வெண்கலக் குரல்காரன்

காதுக்குள் இருந்த குரல் "இடது பக்கம் திரும்புங்கள்" என்று சொல்வதற்கு முன்பே, முன்னால் போன மனைவி இடது பக்கம் திரும்பிவிட்டாள்.

பின்னால் சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்த கணவனுக்குச் சுருக்கென்றது. அவன் பஸ் டிரைவர். தினமும் ஓட்டுகிற சாலையில்தான் கை இப்படி முந்திக்கொண்டு திரும்பும் என்று அவனுக்குத் தெரியும்.

போனும் இயர்போனும் அவனிடம் இருந்தன. கிளம்பும்போது அவள்தான் கொடுத்தாள்.

"நீங்க கேளுங்க. எனக்கு வேணாம்."

வேண்டாமாம். அதுதான் மனப்பாடம் ஆகிவிட்டதே.

அந்தப் பகுதியின் சுவரோவியங்களையும் பழைய கட்டடங்களையும் சைக்கிளில் சுற்றிப் பார்க்க, சில வருடங்களுக்கு முன்பு யாரோ போட்டுவைத்த பாதை அது. வழிகாட்ட ஆள் வரமாட்டார்கள். சாலையில் மஞ்சள் வட்டத்துக்குள் ஓர் எண் இருக்கும். அங்கே நின்று போனில் அந்த எண்ணை அமுக்கினால், அங்கேயே நின்று பதிவு செய்துவைத்த ஒருவன் பேசுவான், அடுத்த எண்ணுக்கு வழியும் சொல்வான்.

என்ன குரல் அது. வெண்கலக் குரல். டிரைவரின் குரல் டீசல் என்ஜின் பக்கத்திலேயே உட்கார்ந்து கரகரத்துப் போனது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் அவள் சைக்கிளை எடுத்துவிடுவாள். திரும்பி வரும்போது அவள் முகம் மழை பெய்து ஓய்ந்த மாதிரி இருக்கும். எங்கே போனாய் என்றால், "சும்மா, ஒரு சுத்து" என்பாள்.

போன வாரம் அவள் குளிக்கப் போன நேரத்தில் அவளுடைய இயர்போனை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். ஆண் குரல். அன்றோடு அவன் தூக்கம் போயிற்று.

"நானும் வரேன்" என்று நேற்று சொன்னான். அவள் மறுப்பாள் என்று நினைத்தான். அவள் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வாங்க" என்றாள்.

அதுவும் உறுத்தியது.

காலையில் இரண்டு சைக்கிளுக்கும் அவளே காற்றடித்தாள். மூன்றாவது, சாக்குப் போட்டு மூடிய சின்னது, சாமான் அறைக் கொக்கியில் தொங்கியது. அவன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மூன்றாம் எண் பழைய ஐஸ் பேக்டரி. சுவர் முழுக்க ஒரு நீலத் திமிங்கிலம். அவன் எண்ணை அமுக்கினான். அவள் திமிங்கிலத்தைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். திடீரென்று சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் அவன் காதில் வந்தது. "இங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கோபமே வராதாம். வந்தாலும் வாசலுக்குப் போவதற்குள் உறைந்துவிடுமாம்."

வருவதற்கு முன்பே சிரிக்கிற அளவுக்கு ஒரு ஜோக்கோடு பழக்கம். டிரைவரின் ஜோக்குகளுக்கு முடிந்த பிறகும் யாரும் சிரித்ததில்லை.

"பெரிய ஆளுதான். கல்யாணம் ஆயிடுச்சாமா?"

"யாருக்கு?"

"இந்த மகராசனுக்குத்தான்."

"எனக்கென்ன தெரியும்? வண்டிய எடுங்க."

ஐந்தாம் எண் தாண்டியதும் அவள் வேகம் கூடியது. கழுத்தில் வியர்வை வழிய, இருக்கையைவிட்டு எழுந்து நின்று மிதித்தாள். யாரோ காத்திருக்கிற இடத்துக்குப் போகிற வேகம் அது. அவனுக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சலுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. இவளும் போய்விட்டால் அந்த வீட்டில் அவன் யாரோடு சண்டை போடுவான்?

ஏழாம் எண் கடைசி. ஒரு சரிவான சந்து.

அவன் கால் தானாக நின்றது. சந்தின் மேல்முனையில் அவர்கள் முன்பு குடியிருந்த வீடு. இந்தப் பக்கமே வரக் கூடாது என்று பஸ்ஸைக்கூட வேறு ரூட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டவன் அவன். இங்கேயா வந்து வாராவாரம் ஒருத்தன் குரலைக் கேட்கிறாள்?

சுவரில் பறவைகள், மேலே போகப் போகச் சின்னதாகிக்கொண்டே.

அவள் இறங்கி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சத்தத்தைக் கூட்டி வச்சுக்கோங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு கூட்டினான். வெண்கலக் குரல் பறவைகளைப் பற்றிப் பேசத் தொடங்கியது. அவள் உதடும் கூடவே அசைந்தது. பிறகு அந்த உதடு நின்றுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

குரலுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு சைக்கிள் மணி. விடாமல் அடித்துக்கொண்டு சரிவில் இறங்கி வந்தது.

"வழி விடுங்க, வழி விடுங்க! டிரைவர் மகன் வரான், பிரேக்கு இல்ல!"

மணி நெருங்கி, காதை உரசிக்கொண்டு போய், தேய்ந்தது. வெண்கலக் குரல்காரன் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பறவைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு போனான்.

டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

சுடுகாட்டிலிருந்து வந்த மறுநாளே பையனின் சட்டை, பள்ளிப் பை, படங்கள் எல்லாவற்றையும் அவன்தான் மூட்டை கட்டினான். சைக்கிளை மட்டும் அவள் கொடுக்கவில்லை. பையன் பேச்சைக்கூட வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லி, வீட்டையும் மாற்றினான். அவளும் இந்த இரண்டு வருடத்தில் ஒரு தரம்கூட எடுக்கவில்லை.

"கேட்டுச்சாங்க?"

அவன் ஏழாம் எண்ணை மறுபடியும் அமுக்கினான்.

மணிச்சத்தம் சரிவில் இறங்கி வரத் தொடங்கியதும், நடுச்சந்தில் நின்ற இரண்டு சைக்கிள்களையும் அவசரமாகச் சுவரோரம் தள்ளி, அவள் கையைப் பிடித்து இழுத்து, ஒதுங்கி வழி விட்டு நின்றான்.