ஒன்பது றெக்கை

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் தேவசகாயமும் அதாவுல்லாவும் ஆட்டுத்தோலைத் தரம் பிரிக்கிறவர்கள். நடுவில் ஆள் உயரத்துக்குத் தோல் குவிந்திருக்கும். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆகாய விமானம் என்றால் இருவருக்கும் பைத்தியம். ஷாப்பின் வெள்ளைக்காரத் துரை படித்துப் போட்ட பத்திரிகைகளில் படம் பார்த்து வைத்துக்கொண்டு, ஒருவர் அடையாளம் சொல்வார், மற்றவர் பெயரைச் சொல்ல வேண்டும். சரியான பெயர் வருகிறவரை அடையாளம் சொன்னவர் எழுந்து போகக்கூடாது. அது அவர்கள் வைத்த சட்டம். தேவசகாயத்துக்கு வேறு பேச்சுத்துணை கிடையாது.

மாசியில் வாந்திபேதி அதாவுல்லாவைக் கொண்டுபோய்விட்டது. கபர்ஸ்தானில் தேவசகாயமும் ஒரு பிடி மண் போட்டார். ஷாப்பில் அதாவுல்லாவின் இடத்துக்கு வேறு ஆள் வரவில்லை. மறுவாரம் தேவசகாயம் தனியாகத் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, குவியலுக்கு அந்தப் பக்கமிருந்து அதாவுல்லாவின் குரல் வந்தது.

"ஒம்போது றெக்கை. எட்டு இன்ஜின். ஏரியிலேர்ந்து கிளம்பி ஏரியிலயே விழுந்துச்சு. இன்னா தோஸ்த், சொல்லு."

தேவசகாயத்தின் கை நின்றது. காப்ரோனி. இத்தாலிக்காரன் கட்டியது. இருவரும் சேர்ந்து பார்த்த படம். பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு அடுத்த தோலை எடுத்தார்.

"தெர்ல பாய்," என்றார். "இன்னொண்ணு சொல்லு."